தோட்டப் பட்டணத்துக்கு மருமகளாக வந்தவள் யாரைக் கேட்பாள்?

"என் தங்கை கல்யாணமாகிப் புதுக்கோட்டையிலிருந்து மலேசியாவில் சுங்கை சிப்புட் என்ற ஊருக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. மலாய் தெரியாது. மாப்பிள்ளை விடியுமுன் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருகிறார். விசா, கிளினிக், வேலை என்று எதைக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொல்கிறார்களாம். அவள் யாரைத்தான் கேட்பது?" என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு முகவரியைக் கொடுத்து இதை முடித்துவிடலாம். ஆனால் நீங்கள் கேட்பது முகவரி இல்லை என்று நினைக்கிறேன். கிளினிக் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதைக் கைப்பேசியே சொல்லிவிடும். ஆளுக்கொன்று சொல்லும்போது யார் பேச்சை எந்த விஷயத்தில் எடுத்துக்கொள்வது, கேட்க ஆளே இல்லாத ஊரில் ஆட்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது, இந்த இரண்டும்தான் உங்கள் கவலை.

நான் உங்கள் தங்கை இருக்கும் அதே பேராக் மாநிலத்தில் தாய்சேய் நலக் கிளினிக்குகளில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் வேலைக்காலம் தோட்டங்களிலும் அவற்றைச் சுற்றியிருக்கும் சின்னப் பட்டணங்களிலும்தான் போனது. தமிழ்நாட்டிலிருந்து வந்த மருமகள்கள், செம்பனை என்ற எண்ணெய்ப் பனைத் தோட்ட வேலைக்கு வந்த இந்தோனேசியப் பெண்கள், தாய்லாந்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் என்று பலர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். உடல்நலம் பற்றிச் சொல்வதை என் பயிற்சியை வைத்துச் சொல்கிறேன். குடிநுழைவு, குடியுரிமை பற்றிச் சொல்வது அந்தப் பெண்களோடு அலைந்து தெரிந்துகொண்டது. நான் வழக்கறிஞர் இல்லை. அதனால் சட்டம் சம்பந்தப்பட்டதை மட்டும் போகவேண்டிய அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

ஊர் நிறையத் தமிழர்கள் இருக்கிறார்களே, பிறகென்ன என்று உங்கள் வீட்டில் நினைத்திருப்பீர்கள். நியாயம்தான். சுங்கை சிப்புட் மலேசிய இந்தியர்களின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். அவர் முன்னின்று எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலை இன்றும் நடக்கிறது. சந்தையிலும் கோயிலிலும் சாப்பாட்டுக் கடையிலும் தமிழ் பேசியே சமாளித்துவிடலாம். ஆனால் உங்கள் தங்கையின் மாமியார் மருமகளாக வந்த காலத்தின் தோட்டம் இப்போது இல்லை. அப்போது லயத்து வீடுகள் வரிசையாக ஒட்டி இருக்கும், குழாயடி பொது, பிள்ளைகளை விடும் ஆயாக் கொட்டகை பொது. புதிதாக வந்தவள் வாயே திறக்காவிட்டாலும் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் பாதி விஷயம் காதில் விழுந்துவிடும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல தோட்டங்கள் துண்டாகி விற்கப்பட்டன, குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தன. தாமானில் வீட்டுக்கு வீடு இரும்புக் கேட். பக்கத்து வீட்டுக்காரி காலையில் மோட்டார் சைக்கிளில் தொழிற்சாலைக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். "போகப் போகத் தானாகத் தெரிந்துகொள்வாள்" என்று மாமியார் சொன்னால் அது அலட்சியம் இல்லை. அவருக்குத் தானாகத்தான் தெரிந்தது. இவளுக்கு அப்படித் தெரியாது. அவளாகப் போய்க் கேட்டால்தான் உண்டு.

அடுத்து நான் சொல்வது ஒன்றைத்தான் நீங்கள் முக்கியமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவளைச் சுற்றி இருக்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களுக்குத் தெரிந்தது ஒரு குடிமகனுக்கு, அதாவது ஐசி என்ற மலேசிய அடையாள அட்டை வைத்திருப்பவருக்குப் பொருந்தும் விஷயம். கையில் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவளுக்கு அது பல இடங்களில் பொருந்தாது. கிளினிக்கில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த காட்சி இது. மாமியார் மருமகளைக் கூட்டிக்கொண்டு வருவார். கையில் சின்னப் பர்ஸ், அதிலிருந்து ஒரு ரிங்கிட் நோட்டை எடுத்துத் தயாராக வைத்திருப்பார். அரசாங்கக் கிளினிக்கில் மலேசியருக்கு அவ்வளவுதான். கவுண்டரில் ஐசி கேட்பார்கள், பாஸ்போர்ட்டை நீட்டியதும் தொகை மாறிவிடும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேரும்போது வித்தியாசம் இன்னும் பெரிது. மாமியாருக்கு முகம் சுண்டிப்போகும், மருமகள் தன்னால்தான் செலவு என்று தலையைக் குனிந்துகொள்வாள். அடுத்த மாதப் பரிசோதனைக்கு அவள் வராமல் போவதும் உண்டு. ஒரு குடும்பம் முழுக்க நல்ல எண்ணத்தோடு இருந்தும் இப்படி நடக்கிறது. ஏனென்றால் அந்த வீட்டில் யாரும் இதுவரை வெளிநாட்டவராக அந்தக் கவுண்டரில் நின்றதில்லை.

அதனால் உங்கள் தங்கை ஆளைத் தேடும்போது, "இவர் என் மொழி பேசுகிறவரா, சொந்தமா" என்று மட்டும் பார்க்காமல், "இந்த விஷயத்தில் என் நிலைமையில் இருந்தவரா" என்று பார்க்க வேண்டும். விசாவுக்கு, தமிழ்நாட்டிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ அவளுக்கு இரண்டு மூன்று வருடம் முன்னால் வாழ்க்கைப்பட்டு வந்து, இங்கே தங்குவதற்கான அதே அனுமதியை, அதாவது பாஸைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் ஒருத்தி. கிளினிக்குக்கு, அண்மையில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு பிள்ளை பெற்றவள். பேருந்துக்கு, காரோ மோட்டாரோ இல்லாத யாராவது. சொந்த வண்டி உள்ளவரிடம் பேருந்து நேரம் கேட்டால் பழைய நேரம்தான் கிடைக்கும். மலாய் பழக, பக்கத்துத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கவோ மருந்து அடிக்கவோ வந்த இந்தோனேசிய அக்கா. அவர்கள் மொழி மலாய்க்கு மிக நெருக்கம், அறிவிப்புப் பலகையைப் படித்துப் பொருள் சொல்லிவிடுவார்கள், பாஸ்போர்ட் பாஸ் என்ற தலைவலியும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வேலை பாஸில் வந்தவருக்கும் கணவர் வழியாக வந்தவருக்கும் விதிகள் வேறு என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

1973-இல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். வேலை மாறியவர்களுக்குப் புது வேலை பற்றிய தகவல் யார் வழியாக வந்தது என்று விசாரித்தபோது, நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது பார்க்கும் அறிமுகக்காரர்கள் வழியாகவே அதிகம் வந்திருந்தது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் ஏற்கெனவே தெரிந்ததுதான், தள்ளி நிற்பவர்தான் வேறு வட்டத்துச் செய்தியைக் கொண்டுவருகிறார் என்பது அவர் கொடுத்த விளக்கம். அவர் விசாரித்தது அமெரிக்காவில் அலுவலக வேலை பார்த்த ஆட்களை. அதை அப்படியே நம் மருமகள்களுக்குப் பொருத்த நான் தயங்குவேன், காரணமும் சொல்கிறேன். முன்பின் தெரியாத ஊரில் புதிதாக வந்தவளுக்கு முதலில் நெருங்கிய ஒருவர் கட்டாயம் வேண்டும். சோறு இறங்காத நாளில் பக்கத்தில் உட்காரும் ஒருவர் இல்லாமல் அறிமுகக்காரர் பத்துப் பேர் இருந்து பயனில்லை. ஆனால் எட்டு மாதம் ஆன பிறகும் எல்லாச் செய்தியும் கணவர் ஒருவர் வழியாகவே வருகிறது என்றால் அது நல்லதில்லை. அவர் தங்கமானவராகவே இருக்கட்டும், அவர் களைத்துப்போய் வரும் நாளில் அவளுக்கு உலகம் மூடிவிடுகிறது. எங்கள் கொள்ளுப்பாட்டிகள் கங்காணியோடு வந்தவர்கள். ஊரில் ஆள் சேர்த்தவரும் தோட்டத்தில் வேலை வாங்கியவரும் அவரே, பல இடங்களில் கடன் கொடுத்தவரும் அவரே. தோட்டத்துக்கு வெளியே என்ன நடக்கிறது என்பது அவர் வாயிலிருந்து வந்தால்தான் உண்டு. ஒரே வாயை நம்பி ஒரு தலைமுறை பட்ட பாட்டை நாங்கள் கேட்டு வளர்ந்தோம்.

சரி, இந்த அறிமுகங்கள் எங்கே கிடைக்கும்? காத்திருக்கும் இடங்களில். 1999-இல் கேரன் பெட்டிக்ரூ என்பவர் கனடாவில் முதியவர்களுக்குக் கால் பராமரிப்புச் செய்யும் சமூகக் கிளினிக்குகளில் இருந்து பார்த்து எழுதினார். வந்தவர்கள் வந்தது காலைக் காட்டத்தான், ஆனால் தாதியோடும் பக்கத்து நாற்காலிக்காரரோடும் பேசிக்கொண்டிருந்ததில் வேண்டிய தகவலெல்லாம் கைமாறியது. அதைப் படித்தபோது எனக்கு எங்கள் கிளினிக் பெஞ்சுதான் கண்ணில் நின்றது. கர்ப்பிணிகள் பரிசோதனைக் குறிப்பேடான பிங்க் புக்கை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் புத்தகத்தைப் பார்த்து "உங்களுக்கும் இனிப்புத் தண்ணீர் கொடுத்தார்களா?" என்று ஆரம்பிப்பாள். சர்க்கரைப் பரிசோதனையில் தொடங்கும் பேச்சு, எந்தக் கடையில் பிள்ளைத்துணி மலிவு, பக்கத்து நகரமான ஈப்போவில் குடிநுழைவு அலுவலகத்துக்கு எத்தனை மணிக்குப் போனால் நம்பர் கிடைக்கும் என்பது வரை போகும். மலாய்க்காரப் பெண்ணும் தமிழ்ப் பெண்ணும் பாதி சைகையிலேயே பேசிக்கொள்வார்கள். என் அனுபவத்தில் கைப்பேசியைக் குனிந்து பார்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறவளுக்குத்தான் இது கிடைக்கும்.

உங்கள் தங்கை இப்போது கர்ப்பமாக இல்லாவிட்டாலும் இடங்கள் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளி விடும் நேரத்தில் கேட்டருகே நிற்கும் அம்மாக்கள் ஊர்ச் செய்தியில் ஒருபடி முன்னால் இருப்பார்கள். பிள்ளை இல்லாதவள் அங்கே போய் நிற்கக் கூச்சப்படுவாள். வீட்டிலோ பக்கத்திலோ பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் அதைக் கூட்டி வரும் வேலையை அவள் ஏற்றுக்கொள்ளட்டும், காரணம் கிடைத்துவிடும். வெள்ளிக்கிழமைக் கோயிலில் சாமி கும்பிட்டு உடனே திரும்பாமல், பூக்கட்டவோ பிரசாதம் பரிமாறவோ கை கொடுக்கட்டும். வேலை செய்துகொண்டே பேசும்போது கேள்வி கேட்பது பாரமாகத் தெரியாது. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஒரே காய்கறிக்காரரிடம் வாராவாரம் வாங்கட்டும், மூன்றாவது வாரம் அவரே "புதுசா வந்திருக்கீங்களா?" என்று கேட்பார். தையல்கடை அக்கா இன்னொரு நல்ல ஆள், ஏனென்றால் அவரிடம் எல்லா வீட்டுப் பெண்களும் வருகிறார்கள். ஆனால் அவரிடம் சொல்வது ஊருக்கே தெரியும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இப்படி வாய்வழி வரும் செய்தியில் எதை நம்பலாம்? வழி, நேரம், ஆள், நடைமுறை இவற்றில் வாய்ச்சொல் மிகவும் நம்பகமானது. எந்தக் கவுண்டர், எந்த நாளில் கூட்டம் குறைவு, எந்தப் பிரதிகளை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு போக வேண்டும், எந்த அதிகாரி பொறுமையாகப் பதில் சொல்வார் என்பதெல்லாம் எந்த இணையப் பக்கத்திலும் இருக்காது. தகுதி, கெடு, குடியுரிமை இவற்றில் வாய்ச்சொல்லை ஒருபோதும் கடைசி வார்த்தையாக எடுக்கக் கூடாது. விதி மாறியிருக்கும், அல்லது சொன்னவரின் நிலைமை வேறாக இருக்கும்.

இதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தவை சில. "கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது, போதும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முஸ்லிம் அல்லாதவர் திருமணம் இங்கே சட்டப்படி பதிவாக வேண்டும். 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. மலேசியர் ஒருவர் வெளிநாட்டில் கல்யாணம் செய்தால் அதையும் ஆறு மாதத்துக்குள் பதிய வேண்டும். உங்கள் தங்கைக்கு எட்டு மாதம் ஆகிறது என்கிறீர்கள். பதிந்தாயிற்றா என்று இன்றே கேளுங்கள். இல்லையென்றால் கெடு போய்விட்டதே என்று பயந்து உட்கார்ந்துவிடாமல், கணவரோடு தேசியப் பதிவுத் துறைக்குப் போய் என்ன செய்வதென்று கேட்க வேண்டும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அப்பா மலேசியராகவும் அம்மா வெளிநாட்டவராகவும் இருந்து, சட்டப்படி செல்லும் திருமணம் இல்லாமல் குழந்தை பிறந்தால், அந்தக் குழந்தை அப்பாவின் குடியுரிமையைப் பெறாது. பிறகு திருமணத்தைப் பதிவு செய்தால் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்வார்கள், ஆகாது. பள்ளியில் சேர்க்கும் வயது வந்த பிறகுதான் இதைத் தெரிந்துகொண்ட தாய்மார்களின் கண்ணீரைப் பார்த்திருக்கிறேன். குழந்தை பிறந்தால் தீபகற்ப மலேசியாவில் 60 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும் என்பதும் உறுதி.

அதேபோல் "கல்யாணம் ஆனாலே ஐசி கிடைத்துவிடும்" என்பது தவறு. அவள் இருப்பது கணவர் பொறுப்பேற்கும் நீண்டகாலச் சமூக வருகை பாஸில். புதுப்பிக்கக் கணவரும் கூட வர வேண்டும், அதனால் அவர் விடுப்பு எடுக்கும் நாளை முன்னமே பேசி வைக்கட்டும். நிரந்தர வசிப்பிடத்துக்கு, தொடர்ந்து ஐந்து ஆண்டு இங்கே இருந்த பிறகுதான் பொதுவாக விண்ணப்பிக்க முடியும். வேலையைப் பொறுத்தவரை, "தெரிந்தவர் கடைதானே, சும்மா நில்" என்று கூப்பிடுவார்கள். மலேசியரின் மனைவி குடிநுழைவுத் துறையில் கேட்டு, பாஸில் அனுமதி பெற்று வேலை செய்ய வழி இருக்கிறது. அந்த அனுமதி இல்லாமல் நின்றால் மாட்டிக்கொள்வது கடைக்காரர் மட்டுமல்ல. கட்டணம், படிவம், தேவைப்படும் ஆவணங்களின் பட்டியல் ஆகியவை அடிக்கடி மாறுகின்றன, ஆகவே போன வருடம் போனவர் சொன்னதை வைத்துக் கிளம்பக் கூடாது. அலுவலக வாசலில் "நான் முடித்துத் தருகிறேன்" என்று வரும் ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவே கூடாது. கவுண்டரில் கேட்பதற்குக் காசு இல்லை. மலாய் வராவிட்டால் "தோலோங் துலிஸ்" என்று சொல்லிப் பேனாவையும் தாளையும் நீட்டட்டும், எழுதிக் கொடுப்பார்கள். எழுத்தில் வந்ததை வீட்டில் யாரிடமும் காட்டிப் படித்துக்கொள்ளலாம், தவறாகக் கேட்டோமோ என்ற சந்தேகமும் வராது.

என் துறையில் இருந்து ஓர் எடுத்துக்காட்டு. பிள்ளை பிறந்த வீட்டுக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து துணி வரும், கூடவே யோசனையும் வரும். இரண்டும் அன்பில் வருவதுதான். அலமாரியில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்த துணியை அப்படியே பிள்ளைக்கு உடுத்தக் கூடாது. ஜி6பிடி என்ற இரத்த நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த உருண்டையில் இருக்கும் நாப்தலின் வாடையே இரத்த அணுக்களை உடைத்து, மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கிவிடும். இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு அந்தக் குறைபாடு இருக்கிறதா என்று தொப்புள்கொடி இரத்தத்திலேயே பார்த்துவிடுகிறார்கள், முடிவைத் தாய் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மஞ்சள் தெரிந்தால் "காலை வெயிலில் காட்டு, போய்விடும்" என்று சொல்வார்கள். வெயில் அதற்கு மருத்துவம் இல்லை, இரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும். ஆனால் அதே பக்கத்து வீட்டுக்காரி, பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும் இரவில் பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொடுப்பாள், அதைவிட நல்ல உதவி கிடையாது. பிரசவத்துக்குப் பிறகு தாதி வீட்டுக்கே வந்து பார்ப்பார். உங்கள் தங்கைக்கு அந்த நாள் வரும்போது, கேட்க வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தாதியிடம் பிள்ளையைத் தவிர வேறு எதையும் கேட்கக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். நாங்கள் அப்படி நினைத்ததில்லை.

கேட்கத் தயங்குவதற்குப் பின்னால் மலாய் தெரியாமை மட்டும் இல்லை. கேட்டால் வீட்டு விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம் இருக்கிறது. சின்ன ஊரில் அது நியாயமான பயம். பாஸ் முடிகிறதா என்று கேட்டால் "ஏன், புருஷன் பார்க்கலையா?" என்று வரும். அதனால் அவளுக்கு ஊருக்குள் நாலு பேர் இருந்தாலும், அந்தக் குடும்பத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவராவது வேண்டும். அது கிளினிக் தாதியாக இருக்கலாம், ஈப்போவில் இருக்கும் இன்னொரு தமிழ்நாட்டுப் பெண்ணாக இருக்கலாம். பாஸ்போர்ட் அவள் கையிலேயே, அவளுக்குத் தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும். உரிமை இல்லாமல் இன்னொருவரின் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். உங்கள் மாப்பிள்ளையைச் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. எல்லாப் பெண்களுக்கும் சொல்வதையே சொல்கிறேன். அடி, மிரட்டல் என்று ஏதாவது வந்தால் அவசர உதவிக்கு 999, அல்லது மகளிர் அமைச்சின் 15999 எண். அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போனாலும் உதவி உண்டு, 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் வெளிநாட்டு மனைவிக்கும் பொருந்தும்.

உங்கள் பங்குக்கு, தொலைவிலிருந்து நீங்களே எல்லாவற்றையும் தேடிச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அது அவளை உங்கள் கைப்பேசியோடு கட்டிப் போட்டுவிடும். பேசும்போது "சாப்பிட்டாயா?" என்பதோடு "இந்த வாரம் புதிதாக யாரிடம் பேசினாய், அவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள்?" என்றும் கேளுங்கள். அவள் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளட்டும். யார் என்ன சொன்னார்கள், எந்தத் தேதியில், அது அவர்களுக்கே நடந்ததா அல்லது காதில் விழுந்ததா என்று எழுதட்டும். ஒரே விஷயத்தை ஒருவரையொருவர் அறியாத இருவர் சொன்னால் கிளம்பலாம். தகுதி, கெடு என்றால் இருவர் சொன்னாலும் கவுண்டரில் கேட்டுவிட்டுத்தான். முதலில் திருமணப் பதிவுத் தாள் கையில் இருக்கிறதா, பாஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்ற இரண்டையும் இன்றிரவு பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு இன்னும் ஆகவில்லை என்றால் மற்ற எல்லாம் அப்புறம்.